கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு உலக வணிகம் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தை எழுத முக்கியக் காரணம் சோம்பல். எம்பிஏ மாணவர்கள், பகுதிநேரமாக பிஎச்டி செய்ய நினைக்கும் ஓசூர் கம்பெனிக்காரர்கள், பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் என எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பத்து தடவை சொல்வதை ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால், நேரில் வரும்போது வேறு விஷயம் பேசலாம். நான் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கல்லூரியில் மேலாண்மைத் துறைப் பேராசிரியர். எடுக்கும் பாடம் சர்வதேச மேலாண்மை.

சர்வதேச மேலாண்மை என்றால் ஏற்றுமதி இறக்குமதிதானே மேடம்?

அதுவும் உண்டு. ஆனால் கப்பலில் சரக்கு ஏற்றும் நடைமுறையோடு பாடம் முடிந்துவிடாது. ஒரு நிறுவனம் நாட்டு எல்லையைத் தாண்டும்போது எந்த நாட்டுக்குப் போவது, சரக்கை மட்டும் அனுப்புவதா, அங்கே ஒருவரோடு கூட்டுச் சேர்வதா, சொந்தமாக ஆலை போடுவதா, யாரை அனுப்புவது, அங்குள்ளவர்களோடு சண்டை வந்தால் என்ன செய்வது என்று வரிசையாக முடிவு எடுக்க வேண்டியிருக்கும். அந்த முடிவுகள்தான் பாடம்.

ஓசூர் டிவிஎஸ் மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களில் ஜப்பானின் சுசுகியோடு சேர்ந்து பைக் செய்யத் தொடங்கினார்கள். 2001-இல் இருவரும் பிரிந்தார்கள். 2013-இல் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ மோட்டாராட் கூட்டாளியானது. அந்த ஒப்பந்தத்தில் பிறந்த 310 சிசி பைக்குகள் ஓசூரில் தயாராகி வெளிநாடு போயின. 2020 ஏப்ரலில் பிரிட்டனின் பழைய பைக் நிறுவனமான நார்ட்டனை 1 கோடியே 60 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். கற்றுக்கொள்ளப் போனவர் கூட்டாளியாகி, பிறகு முதலாளியும் ஆகியிருக்கிறார். முதல் செமஸ்டரில் இந்த ஒரு கதையை வைத்தே மூன்று வாரம் ஓட்டுவேன். மாணவர்களில் பாதிப் பேருக்கு அந்த ஆலையில் சித்தப்பாவோ மாமாவோ இருப்பார்கள். அவர்களைக் கேட்டு வந்து என்னைத் திருத்துவார்கள்.

இதைப் படிக்க பெங்களூர், சென்னை போகாமல் இங்கே எதற்கு?

பெங்களூர் போக வசதி இருந்தால் போங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் இங்கே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில்களில் பிப்ரவரி 14-க்கான ரோஜாவுக்கு டிசம்பரிலேயே கவாத்து செய்துவிடுவார்கள். பத்து நாள் முந்திப் பூத்தாலும் பிந்திப் பூத்தாலும் அந்த விலை கிடைக்காது. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகள், கிரானைட் குவாரிகள். போச்சம்பள்ளியில் மின் ஸ்கூட்டர் தொழிற்சாலை. தர்மபுரியில் பட்டுக்கூடு ஏல அங்காடி. சீனப் பட்டு நூல் விலை அங்கே காலை ஏலத்தில் எதிரொலிக்கும்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் மாணவர்களில் பலர் வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள். எதிரே நிற்பவர் யார் என்று பார்த்து, வாய் திறப்பதற்கு முன்பே மொழியை மாற்றிக்கொள்ளும் பழக்கம் அவர்களுக்கு ஐந்து வயதிலேயே வந்துவிடுகிறது. பெரிய கம்பெனிகள் காசு கொடுத்து இரண்டு நாள் பயிற்சி வைத்துச் சொல்லித்தருவது ஏறக்குறைய இதைத்தான்.

வகுப்பு எப்படி இருக்கும்?

பிபிடி குறைவு, காகிதம் அதிகம். ஒரு நாள் மட்டும் சொல்கிறேன். நான்கு தாள்களைக் கொடுப்பேன்: வங்கிக் கடன் உறுதிக் கடிதம் (வழக்கில் எல்.சி.; ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருகிறேன் என்று வாங்குபவரின் வங்கி தரும் உறுதி), இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் ரசீது. சரக்கு ஒரு கன்டெய்னர் தோத்தாபுரி மாங்கூழ். 80 டிரம், டிரம்முக்கு 215 கிலோ. இருபது நிமிடத்தில் தவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும்.

எல்லாரும் விலையைப் பார்ப்பார்கள், தேதியைப் பார்ப்பார்கள். இன்வாய்ஸில் நிகர எடை 17,200 கிலோ. பேக்கிங் லிஸ்டில் 17,020. இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் வெளிநாட்டு வங்கி சரக்கைத் திறந்து பார்க்காது, தாளை மட்டும்தான் பார்க்கும். சர்வதேச விதிப்படி அதற்கு ஐந்து வங்கி வேலை நாள் அவகாசம் உண்டு. ஐந்தாவது நாள் "ஆவணத்தில் முரண்பாடு" என்று ஒரு வரி வந்தால் போதும். பணம் நின்றுவிடும், சரக்கு துறைமுகத்தில் வாடகை ஏறிக் கிடக்கும், வாங்குபவர் மெதுவாக விலைக் குறைப்புப் பேச்சை எடுப்பார். கூழ் நன்றாக இருந்தும் காசு போய்விடும். இதைக் கண்டுபிடித்த பெண்ணின் அப்பா ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். "பில்லையும் மூட்டையையும் ஒத்துப் பார்க்காமல் அப்பா கையெழுத்துப் போடமாட்டார் மேடம்" என்றாள்.

எஃப்ஓபி, சிஐஎஃப் எல்லாம் மனப்பாடம் செய்யணுமா?

இவை இன்கோடெர்ம்ஸ், அதாவது விற்றவர் பொறுப்பு எங்கே முடிகிறது, வாங்கியவர் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் சர்வதேச வணிக விதிகள். 2020 பதிப்பில் மொத்தம் 11 விதிகள். மனப்பாடம் வேண்டாம். சரக்கு கெட்டால் யார் தலையில் விழும், அது எந்த இடத்திலிருந்து, என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால் போதும். வைவாவில் நான் விரும்பிக் கேட்கும் கேள்வி ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கன்டெய்னர் சரக்குக்கு எஃப்ஓபி சரியான விதியா? நம் ஊர் ஏற்றுமதியாளர்கள் இன்றும் அதைத்தான் எழுதுகிறார்கள். எஃப்ஓபி-யில் சரக்கு கப்பலில் ஏறும்வரை பொறுப்பு விற்றவருடையது. கன்டெய்னரோ அதற்குச் சில நாள் முன்பே துறைமுக முனையத்தில் கைமாறிவிடுகிறது. இடையில் ஏதாவது ஆனால்? அதனால்தான் அதற்கு, சரக்கைக் கொண்டுசெல்பவரிடம் ஒப்படைத்ததுமே விற்றவர் பொறுப்பு முடியும் எஃப்சிஏ பொருத்தம் என்கிறார்கள்.

ஹாஃப்ஸ்டீட் மதிப்பெண்களைப் பரீட்சைக்குப் படிக்கணுமா?

படியுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள். நெதர்லாந்தின் கீர்ட் ஹாஃப்ஸ்டீட் 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களை வைத்து நாடுகளின் பண்பாட்டுக்கு மதிப்பெண் போட்டார்; 1980-இல் புத்தகமாக வந்தது. அதிகார இடைவெளியில் இந்தியாவுக்கு 77, ஸ்வீடனுக்கு 31. மேலாளர் சொன்னால் எதிர்த்துப் பேசமாட்டோம் என்பதை அந்த 77 காட்டுகிறதாம். சரி, நம் அலுவலகங்களைப் பார்த்தால் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே கம்பெனி ஊழியர்களைக் கேட்டுவிட்டு ஒரு நாட்டையே எடை போடலாமா? ஓசூர் அசெம்பிளி லைனில் நிற்கும் இளைஞனுக்கும் தேன்கனிக்கோட்டையில் ராகி விதைக்கும் அவன் தாத்தாவுக்கும் ஒரே 77-ஆ? பரீட்சையில் இந்தக் கேள்வியை எழுப்பிப் பதில் எழுதுபவருக்கு மதிப்பெண் கூடுதலாகவே கொடுப்பேன்.

எனக்கு அதைவிடப் பிடித்தது எட்வர்ட் ஹால் 1976-இல் சொன்ன வித்தியாசம்: சில பண்பாடுகளில் செய்தி வார்த்தையில் இருக்கிறது, சிலவற்றில் சூழலில் இருக்கிறது. நம் "பார்க்கலாம்" இதற்கு நல்ல சான்று. ஒரு ஜெர்மன்காரர் தேதி கேட்கிறார். நம்மவர் "பார்க்கலாம்ங்க" என்கிறார். அதைக் கூட இருந்தவர் ஆங்கிலத்தில் "முயல்கிறோம்" என்று எழுதி அனுப்புகிறார். ஜெர்மன்காரர் முயற்சி நடக்கிறது என்று காத்திருக்கிறார். அது முடியாது என்பதற்கான மரியாதையான சொல் என்று அவருக்கு யார் சொல்வது?

வகுப்பில் ஔவையார் வருவாராமே, இது மேலாண்மைப் பாடமா, தமிழ்ப் பாடமா?

தர்மபுரிக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. தகடூர் அவர்கள் ஊர். அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான்: மயில் பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிப் பளபளக்கும் ஆயுதங்கள். ஔவை அவற்றைப் புகழ்கிறார். புகழ்ந்துவிட்டு, எங்கள் அரசனுடைய வேல்கள் முனை மழுங்கி, நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று சொல்கிறார். அவ்வளவுதான். உன் ஆயுதம் சண்டை பார்த்ததில்லை என்று ஒரு வார்த்தைகூட இல்லை. பேச்சுவார்த்தையில் எதிராளியின் முகம் வாடாமல் எச்சரிப்பது எப்படி என்று நான்கு மணி நேரம் பாடம் எடுப்பதைவிட இது சீக்கிரம் ஏறுகிறது. வெளிநாட்டுப் பாடநூலில் இருக்கும் ஜப்பானிய உதாரணத்தை அதற்கப்புறம் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

உங்கள் ஆராய்ச்சி எதைப் பற்றி?

சின்ன ஆலைகள் பார்க்காத ஆளை எப்படி நம்புகின்றன, பார்க்காத ஆள் அவர்களை எப்படி நம்புகிறார் என்பதைப் பற்றி. களம் மாங்கூழ்.

ஸ்வீடனின் யோஹான்சனும் வால்னேயும் 1977-இல் ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். நிறுவனங்கள் முதலில் மனசுக்குப் பக்கத்தில் இருக்கும் (மொழி, பழக்கவழக்கம் ஒத்த) நாட்டுக்குப் போகும், அனுபவம் சேரச் சேரத் தூர நாட்டுக்கு நகரும், முதலீட்டையும் படிப்படியாகக் கூட்டும் என்பது சாரம். 2009-இல் அவர்களே அதைத் திருத்தி, தூரத்தைவிடத் தொடர்பு வலை முக்கியம், வலைக்கு வெளியே நிற்பதுதான் பெரிய தடை என்றார்கள். நான் பார்த்த ஆலைகளுக்கு 2009 மாதிரிதான் பொருந்துகிறது. இங்கிருந்து கேரளாவுக்குக்கூட ஒரு டப்பா விற்காதவர் நேராக வளைகுடாவுக்கு அனுப்பியிருப்பார். எப்படி என்றால், சித்தூரில் அவருடைய சம்பந்தி ஆலை வைத்திருப்பார். அங்கே வந்த தரகர் இங்கேயும் வந்திருப்பார்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். சீசன் ஜூன் வாக்கில் உச்சத்தில் இருக்கும். பெங்களூரா (தோத்தாபுரியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) லாரி லாரியாக வாசலில் நிற்கும். உள்ளே ஒரு பெண் கண்ணாடிப் பரப்பில் ஒரு சொட்டுக் கூழை வைத்து, கருவியை வெளிச்சத்தின் பக்கம் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். இனிப்பளவு, அதாவது பிரிக்ஸ், 14-க்குக் கீழே போகக் கூடாது. "பதினஞ்சு" என்பார். பக்கத்தில் இருப்பவர் நோட்டில் எழுதுவார். கடல் தாண்டி ஜூஸ் கம்பெனி நடத்துகிறவர் நம்புவது கடைசியில் அந்தக் கண்ணைத்தான். சான்றிதழ், ஆய்வக அறிக்கை எல்லாம் உண்டு. ஆனால் அடுத்த வருஷமும் அந்த ஆலையிலிருந்தே வாங்குவதற்குக் காரணம் கேட்டால், அவர்கள் சொன்ன எண்ணும் டிரம்மைத் திறந்தால் வரும் எண்ணும் மாறுவதில்லை என்கிறார்கள். அந்தப் பெண்ணுக்குத் தினக்கூலி. இதைப் பற்றி ஏற்றுமதிப் பாடநூல் எதிலும் நான் படித்ததில்லை.

புராஜெக்ட்டுக்குத் தலைப்பு கொடுங்க மேடம்?

கொடுக்கமாட்டேன். இது கடுமையாகத் தெரியலாம். ஆனால் நான் கொடுத்த தலைப்பில் செய்தவர்கள் ஏப்ரலில் திணறியதையும், தாங்களே பிடித்த தலைப்பில் செய்தவர்கள் தூங்காமல் வேலை பார்த்ததையும் பல வருஷமாகப் பார்க்கிறேன்.

"பணியாளர் திருப்தி குறித்த ஓர் ஆய்வு" என்று வராதீர்கள். கம்பெனி பெயரை மட்டும் மாற்றி நூலகத்தில் அது ஒரு அலமாரி நிறைய இருக்கிறது. உங்களுக்கு எரிச்சலோ ஆச்சரியமோ தந்த ஒரு விஷயத்தோடு வாருங்கள். ஒரு பையன் வந்து, "எங்க ஊர் கிரானைட் குவாரியில் கல்லை வாங்க வர்ற வெளிநாட்டுக்காரர் தண்ணி ஊத்திப் பார்த்துட்டு, ஒரு வார்த்தை பேசாம சாக்பீஸால குறி போட்டுட்டுப் போறார் மேடம், அது ஏன்" என்று கேட்டான். ஈரத்தில்தான் கல்லின் நிறமும் விரிசலும் தெரியும். பேசினால் விலை ஏறும். அந்தக் குறியை வைத்தே தரம், பேரம், மௌனம் என்று முழு அறிக்கை எழுதினான். இதுவரை நான் வழிகாட்டியதில் சிறந்த மூன்றில் அது ஒன்று.

மாதிரி அளவு (எத்தனை பேரிடம் கேட்பது) 384 என்று போட்டுவிடலாமா?

இந்தக் கேள்விக்காகவே தனிப் பக்கம் போடலாம். 384 என்பது கிரெஜ்சியும் மார்கனும் 1970-இல் வெளியிட்ட அட்டவணையில் மொத்தம் பத்து லட்சம் பேர் இருந்தால் அவர்களில் எத்தனை பேரிடம் கேட்க வேண்டும் என்பதற்கான எண். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை பத்து லட்சமா இருக்கிறது? விரல் விட்டு எண்ணக்கூடிய ஆலைகள் இருக்கும் இடத்தில் அத்தனையையும் போய்ப் பாருங்கள். அல்லது ஆறு ஆலையை எடுத்து ஆழமாகப் பேசுங்கள்.

என் சொந்த பிஎச்டி-யில் நானே இந்தக் குழியில் விழுந்தவள். ஐந்து புள்ளி அளவுகோல் போட்டு ஆங்கிலத்தில் கேள்வித்தாள் அடித்து ஆலை ஆலையாகக் கொடுத்தேன். திரும்பி வந்ததில் முக்கால்வாசி எல்லாக் கேள்விக்கும் 4-இல் டிக். ஒரு பெரியவர் மட்டும் உண்மையைச் சொன்னார்: "எதுல டிக் போட்டா உனக்கு நல்லதுன்னு சொல்லும்மா, போட்டுடறேன்." ஆறு மாத வேலை. அத்தனையையும் ஓரமாக வைத்துவிட்டு, அவர் எதிரிலேயே உட்கார்ந்து, டீ வந்ததும் பேச ஆரம்பித்தேன்.

கம்பெனி உள்ளே விடமாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

கம்பெனிக்கு வெளியே நில்லுங்கள். கிளியரிங் ஏஜென்ட், லாரி டிரைவர், வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவு, ஓய்வுபெற்ற சூப்பர்வைசர், டீக்கடை. வாட்ச்மேனிடம் முதல் நாள் அனுமதிக் கடிதத்தை நீட்டாதீர்கள். மூன்றாம் நாள் நீட்டுங்கள்.

ஆய்வேட்டைத் தமிழில் எழுதலாமா?

எம்பிஏ அறிக்கை ஆங்கிலத்தில்தான் கேட்கப்படுகிறது. ஆனால் நேர்காணலைத் தமிழிலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ எடுத்து, அந்த மொழியிலேயே எழுதி வையுங்கள். மொழிபெயர்ப்பு கடைசி வேலை. "நம்பிக்கை", "நாணயம்", "வாக்கு" மூன்றையும் ஒரே ஆங்கிலச் சொல்லில் அடைத்துவிட்டால் ஆராய்ச்சியே போயிற்று. ஒரு வியாபாரி "அவர் நாணயமான ஆளு" என்பதற்கும் "எனக்கு அவர் மேல நம்பிக்கை இருக்கு" என்பதற்கும் இடையில் ஒரு பிஎச்டி இருக்கிறது.

வேலையில் இருந்துகொண்டே பிஎச்டி செய்ய முடியுமா? எத்தனை வருஷம் ஆகும்?

முடியும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறைகள் பகுதிநேரத்தை அனுமதிக்கின்றன. வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும்; தேவைப்பட்டால் பாடநெறிக்கு விடுவிப்போம் என்றும் அதில் இருக்க வேண்டும். குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2 வருஷம் கிடைக்கும். பெண்களுக்கு அதற்கு மேலும் 2. மகப்பேறு விடுப்பு 240 நாள் வரை உண்டு. வழிகாட்டி பேராசிரியரானால் ஒரே நேரத்தில் 8 பேர், இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 என்று வரம்பு. நான் எட்டை எட்டியதே இல்லை. ஐந்துக்கு மேல் போனால் யார் எந்த அத்தியாயத்தில் நிற்கிறார் என்று எனக்கே மறந்துவிடும்.

ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022-இல் எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக வைத்திருக்கலாம். அந்த விதியைப் படியுங்கள். "காசு கட்டினால் பதினைந்து நாளில் பிரசுரம்" என்று மின்னஞ்சல் வந்தால் எனக்கு அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.

ஓசூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷிப்ட் முடித்து, பஸ் பிடித்து வந்து, தூங்கி வழிந்துகொண்டு உட்காருவீர்கள். தெரியும். மாதம் இரண்டு சனிக்கிழமை போதும், ஆனால் அந்த இரண்டும் தவறக் கூடாது. இடையில் நின்றுபோனவர்களில் அறிவு போதாமல் நின்றவர் யாரையும் நான் பார்த்ததில்லை. மூன்று மாதம் வராமல் இருந்துவிட்டு, நான்காவது மாதம் முகத்தைக் காட்டக் கூச்சப்பட்டு நின்றவர்கள்தான் எல்லாரும்.

காப்பி எவ்வளவு வரை விடுவீர்கள்? ஏஐ பயன்படுத்தலாமா?

யுஜிசி 2018 விதிப்படி ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை திருத்திக் கொடுக்க வேண்டும், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மாணவர்கள் இதை "10 சதவீதம் காப்பி அடிக்க அனுமதி" என்று படிக்கிறார்கள்.

ஏஐ-யிடம் ஆங்கிலத்தைத் திருத்தச் சொல்லுங்கள், ஆட்சேபம் இல்லை. களத்துக்குப் போகாமல் அத்தியாயம் எழுத வைத்தால் எனக்குத் தெரிந்துவிடும். அந்த அத்தியாயத்தில் யாருக்கும் வியர்ப்பதில்லை, யாரும் கரன்ட் போனதாகச் சொல்வதில்லை.

படித்தால் பிள்ளைக்கு வெளிநாட்டு வேலை கிடைக்குமா? (பெற்றோர் கேட்பது)

உறுதி தரமுடியாதுங்க. எங்கள் மாணவர்கள் பெரும்பாலும் ஓசூர், பெங்களூர் கம்பெனிகளின் கொள்முதல், ஏற்றுமதி ஆவணப் பிரிவுகளில் சேர்கிறார்கள். வெளிநாட்டுக்காரரோடு தினமும் பேசும் வேலை; இருக்கை இங்கேதான்.

எப்போது வந்து பார்க்கலாம்?

செவ்வாய், வியாழன் மதியம் மூன்று மணிக்கு மேல். மே கடைசியிலிருந்து ஜூலை வரை அறையில் இருக்கமாட்டேன், ஏதாவது ஒரு ஆலை வாசலில் இருப்பேன். வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டு அங்கேயே வந்துவிடலாம், பழைய செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள். "குட் மார்னிங்" படம் அனுப்ப வேண்டாம். நீங்கள் பார்த்த ஒரு விஷயத்தை ஒரே பக்கத்தில், கையால், எந்த மொழியிலாவது எழுதி எடுத்து வாருங்கள். தலைப்பை அப்புறம் பார்த்துக்கொள்வோம்.